தொண்ணூறாவது நாள்

காலை ஏழு மணிக்குச் செல்லக்கிளிக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு ராகு காலம் முடிந்ததும் பிராங்க்ளின் வந்து வீட்டுக் காரை விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். அதற்குள் பத்தாயிரம் ரூபாய்க்குள் இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டால் வெறுங்கையோடு போவார்.

நிபந்தனை போட்டவர் அவள் கணவர் தங்கையன். முந்தின நாள் ஆயுத பூஜை. காரின் பானெட்டில் சந்தனம் வைத்துவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"பத்துக்கு மேல ஒரு ரூபா போனாலும் வண்டி நமக்கு இல்ல. பிராங்க்ளின்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். மூணு மணிக்கு வரேன்னுருக்கான்."

"பத்துக்குள்ள வந்தா?"

"வந்தா நீ ஓட்டு."

வராது என்று அவருக்கு உறுதி. ஏதோ ஒரு வெப்சைட்டில் பார்த்திருந்தார். பதினாலாயிரத்து எழுநூறு காட்டியது.

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவர்கள் வீடு. வெள்ளை வேகன்ஆர் கேட்டுக்கு உள்ளே நின்றது. எட்டு வருடம் தங்கையன் ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. சித்திரையில் கண்ணில் புரை எடுத்த பிறகு எதிரே வரும் விளக்குகள் பூவாக விரிந்து தெரிவதாகச் சொன்னார். ஒரு நாள் காவேரிப் பாலத்தில் லாரி வெளிச்சத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் இருந்தவர்கள் திட்டிய திட்டைச் செல்லக்கிளியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். மறுநாள் சாவியை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு எடுக்கவில்லை.

செல்லக்கிளி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தாறு வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். தன் காசில் சேர்ந்தாள். லைசன்ஸ் வரும் என்று தங்கையன் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டது.

ஆனால் இன்சூரன்ஸ் போய்விட்டது. ஆனி மாதத்திலேயே முடிந்தது. கட்டலாம் கட்டலாம் என்று இருக்கும்போதே ஆடி பிறந்தது. அவர்கள் வீட்டில் ஆடியில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. இன்சூரன்ஸ் அந்தக் கணக்கில் வராது என்று செல்லக்கிளி சொல்லிப் பார்த்தாள்.

"காசு குடுத்துப் புதுக் காயிதம் வாங்குறோம்ல? அப்ப புதுசுதான்" என்றார் தங்கையன்.

ஆவணியில் அவர் தங்கை வீட்டுக் கல்யாணம். புரட்டாசியில் மறுபடி கண் ஆஸ்பத்திரி. கார் உறைக்குள் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் செல்லக்கிளி உறையை நீக்கி, கேட்டைத் திறக்காமலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதல் கியர், இரண்டாவது கியர் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

அடுத்தவர் சேதத்துக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டி போட்டால் மலிவு. அதையும் கேட்டுப் பார்த்தாள்.

"நான் ஓட்டுனா அது போதும். நீ ஓட்டுறதுக்கு முழுசும் வேணும்" என்றார்.

ஏழு மணிக்கு அல்ஷிஃபாவுக்குப் போன் செய்தாள்.

அல்ஷிஃபா பாலக்கரைப் பெண். வயது இருபத்தெட்டு. டிரைவிங் ஸ்கூலில் இவளோடு ஒரே காரில் கற்றவள். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி பின் சீட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரிக்க, இரண்டு மாதம் அப்படிப் போனது. வண்டி கற்றுக்கொள்ள வந்த இடத்தில்தான் அவள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பதே தெரிந்தது.

"லீவு நாள்ல எழுப்பிட்டேனா அல்ஷிஃபா?"

"நீங்க வேறக்கா. சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிச்சவ. சொல்லுங்க."

செல்லக்கிளி சொன்னாள். பத்தாயிரம், வெப்சைட்டில் வந்த பதினாலாயிரத்து எழுநூறு, மூன்று மணி, பிராங்க்ளின்.

"பழைய பாலிசி கையில இருக்கா? என்னிக்கு முடிஞ்சதுன்னு பாருங்க."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். நேற்றுப் பூஜையில் வைத்ததால் அதன் மேலும் ஒரு குங்குமப் பொட்டு.

"ஜூலை நாலு."

அந்தப் பக்கம் முணுமுணுவென்று எண்ணும் சத்தம் கேட்டது.

"அக்கா! இன்னிக்குத்தான் தொண்ணூறு!"

"என்ன தொண்ணூறு?"

"தொண்ணூறாவது நாள்க்கா! அண்ணன் எட்டு வருஷமா க்ளெயிமே பண்ணல இல்ல? அதுக்குப் பாதித் தள்ளுபடி உண்டு. சும்மா இல்ல, பாதி! பாலிசி முடிஞ்சு தொண்ணூறு நாள் வரைக்கும் அது செல்லும். நாளைக்குப் போனா எட்டு வருஷமும் போச்சு. வெப்சைட்ல பழைய தள்ளுபடி எவ்வளவுன்னு கேக்குற எடத்துல அண்ணன் ஒன்னும் போடாம வுட்ருப்பாரு. அதான் பதினாலு காட்டிருக்கு."

"போட்டா?"

"பத்துக்குள்ள வரும். கிட்டத்தட்ட வரும். வர வைக்கிறேன்."

செல்லக்கிளி நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

"என்ன செய்யணும் சொல்லு."

"பாலிசி விட்டுப்போனதால வண்டிய அவங்க பாக்கணும். ஆளு வரமாட்டாங்க, போட்டோதான். ஒம்பது மணிக்கு மேலதான் லிங்க் வரும், அனுப்புறேன். வண்டியச் சுத்தி எடுத்து நீங்களே ஏத்துங்க. ஸ்கூட்டிய எடுத்துட்டு நானும் வந்துடுறேன்."

தங்கையன் குளித்துவிட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். காந்தி மார்க்கெட்டில் அவர் வேலை செய்யும் காய்கறி மண்டியில் மறுபூஜை. தராசு, எடைக்கல், கொக்கி எல்லாம் நேற்றிலிருந்து சாமி முன்னால் இருக்கின்றன. ஆயுத பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகே தொட வேண்டும். வீட்டிலும் அதுதான் வழக்கம். செல்லக்கிளியின் தையல் மெஷினும் கத்தரியும் கூடத்தில் மாலையோடு இருந்தன.

செருப்பை மாட்டியபடி சொன்னார். "வண்டிய யாரும் தொட வேணாம். பன்னெண்டரைக்கு வந்துடுவேன். வந்துதான் மறுபூஜை."

"போட்டோ எடுக்கலாம்ல?"

"எதுக்கு?"

"இன்சூரன்சுக்கு."

அவளை ஒரு தரம் பார்த்தார். "எடு. தொடாம எடு" என்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவள் தொடாமல் எடுத்தாள். முன்னால், பின்னால், இடம், வலம், நான்கு டயர், கண்ணாடி. கார் அழகாக இருந்தது. முன் கண்ணாடியில் சந்தனத்தில் நாமம். பானெட்டில் வரிசையாகக் குங்குமப் பொட்டுகள். நம்பர் பலகைக்கு மேல் சாமந்தி மாலை. டயர்களில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ஒவ்வொரு போட்டோவும் மேலே ஏறும்போது போனில் ஒரு பச்சை வட்டம் சுற்றியது.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய அல்ஷிஃபாவிடம் போனை நீட்டினாள்.

அல்ஷிஃபா படித்தாள். படித்துவிட்டுக் காரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"முன் கண்ணாடியில விரிசல். பானெட்ல துரு, பதினோரு எடத்துல. நாலு டயரும் வெட்டு. நம்பர் பலகையக் காணோம். வண்டி இன்சூரன்சுக்குத் தகுதி இல்ல."

"எந்த வண்டி?"

"உங்க வண்டிதான்க்கா!" அல்ஷிஃபா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பானெட்டில் கை வைக்கப் போய், நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர் பாக்குதுக்கா. மனுஷன் இல்ல. குங்குமத்த துருங்குது, நாமத்த விரிசல்ங்குது."

"சிரிக்காதடி. எனக்கு அழுகை வருது."

"அழாதீங்க. ஒரு நிமிஷம்."

கம்பெனி நம்பருக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல். பெயர் லிசி என்றது.

"தமிழ்நாட்டு வண்டியா மேடம்?"

"ஆமாம்மா. திருச்சி."

"தெரியும். காலையிலேர்ந்து தமிழ்நாட்டு வண்டி எல்லாத்துக்கும் துரு புடிச்சிருக்கு" என்றாள் லிசி. "நல்லாக் கழுவிட்டு மறுபடி ஏத்துங்க மேடம். ஆனா ஒன்னு. இன்னும் ஒரே தடவதான் சான்ஸ். அதுவும் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஆள் வந்து நேர்ல பாக்கணும். இன்னிக்கு லீவு. நாளைக்குத்தான் வருவாங்க."

"நாளைக்கு வேணாம்மா!" என்று செல்லக்கிளி போனைப் பார்த்துக் கத்தினாள்.

"இந்தத் தடவ பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அல்ஷிஃபா கேட்டாள்.

"இன்னிக்குக் கூட்டம் மேடம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

மணி பத்தேகால். தங்கையன் பன்னிரண்டரைக்கு வருவார். பூஜை, கழுவல், போட்டோ, அப்புறம் இரண்டு மணி நேரம். எப்படிப் போட்டாலும் மூன்றைத் தாண்டியது.

அவருக்குப் போன் செய்தாள். எடுத்தார். பின்னால் மேளச் சத்தம்.

"என்னங்க, வண்டியக் கழுவணும். இப்பவே."

"மறுபூஜை போடாமயா?"

"நீங்க வந்துட்டுப் போறீங்களா? ஒரு ஆட்டோ புடிச்சு?"

"மொதலாளி இப்பத்தான் வந்து உக்காந்துருக்காரு. தேங்காயே ஒடைக்கல. பொறு, வந்துடுறேன்."

வைத்துவிட்டார்.

செல்லக்கிளி கூடத்துக்குள் போனாள். தையல் மெஷின் மாலையோடு இருந்தது. இருபது வருடமாக அதற்கு அவள்தான் மறுபூஜை போடுகிறாள். தங்கையன் போட்டதில்லை. தைக்கிறவள் அவள். காருக்கு அவர் போட்டார். ஓட்டினவர் அவர்.

சுவரில் காலண்டர். வியாழன். நல்ல நேரம் பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால் வரை.

கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். மெஷினைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். பிறகு கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

"அல்ஷிஃபா, ஹோஸ் பைப் கொல்லையில இருக்கு. எடுத்து வச்சுக்க."

"அண்ணன் வந்துட்டாரா?"

"வரல. நான் போடுறேன்."

"போடலாமா?"

"யாரு ஓட்டப்போறா?"

அல்ஷிஃபாவின் முகம் மலர்ந்தது. "அப்ப போடுங்க. நான் இப்படி ஓரமா நிக்கிறேன்" என்று துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கேட்டருகே போய் நின்றாள்.

பத்தே முக்காலுக்குச் செல்லக்கிளி காருக்கு முன்னால் விளக்கேற்றினாள். பொரியும் வெல்லமும் வைத்தாள். ஒரு வாழைப்பழம். தேங்காயை ஒரே போடில் உடைத்தாள். இரண்டு பாதியும் சரியாக விழுந்தன. கற்பூரம் சுற்றிக் காட்டினாள். வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆச்சா?" என்றாள் அல்ஷிஃபா.

"ஆச்சு. தண்ணியத் தொறந்து வுடு!"

அதன் பிறகு நடந்ததைக் கழுவல் என்று மட்டும் சொல்ல முடியாது. அல்ஷிஃபா பைப்பைப் பிடித்தாள். செல்லக்கிளி பழைய காட்டன் துணியால் தேய்த்தாள். குங்குமம் சிவப்பாகக் கரைந்து ஓடியது. சந்தனம் கண்ணாடியில் காய்ந்து பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். எலுமிச்சம் விதை ஒன்று டயர் இடுக்கில் இருந்து வர மறுத்தது. ஊக்கால் குத்தி எடுத்தாள். இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்தார்கள்.

"வெட்டு போச்சு!" என்று அல்ஷிஃபா டயரைப் பார்த்துக் கூவினாள். "துரு போச்சு! மாஷா அல்லாஹ், ஆளே மாறிட்டான்!"

எதிர் வீட்டு வள்ளிக்கண்ணு மாடியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன செல்லக்கிளி, யாரு கார வாங்குறா?"

"நானே வாங்குறேன்!" என்றாள் செல்லக்கிளி.

இந்த முறை அல்ஷிஃபா எடுத்தாள். வெயில் கண்ணாடியில் அடிக்காமல் துப்பட்டாவை விரித்து நிழல் பிடித்தது செல்லக்கிளி. பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைத் தேடினார்கள். அதன் மேலும் தங்கையன் ஒரு பொட்டு வைத்திருந்தார். "அண்ணன் ஒரு எடம் விடலியே!" என்று அல்ஷிஃபா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் எஞ்சின் ஓடும் வீடியோ. செல்லக்கிளி சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்தது. அத்தனை வெள்ளிக்கிழமையும் வீண் போகவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் ஏறின. பச்சை வட்டம் சுற்றி நின்றது. பரிசீலனையில் உள்ளது என்று வந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தங்கையன் கேட்டைத் திறந்தார். கையில் மண்டிப் பிரசாதப் பை. வெள்ளைக் காரைப் பார்த்தார். தரையில் சிவப்பு ஈரம். படியில் இரண்டு பெண்கள் ஈரப் புடவையும் ஈரச் சுடிதாருமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுபூஜை யாரு போட்டா?"

செல்லக்கிளி எழுந்தாள். "ஓட்டுறவ."

அல்ஷிஃபா தரையைப் பார்த்தாள்.

தங்கையன் காரைச் சுற்றி நடந்தார். தேங்காய் மூடியைக் குனிந்து பார்த்தார். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பின் டயரருகே நின்றார். ஏதாவது சொல்வார் என்று செல்லக்கிளி காத்திருந்தாள்.

"எத்தன மணிக்குப் போட்ட?"

"பத்தே முக்காலுக்கு. நல்ல நேரம் பாத்துத்தான்."

அவர் பையை அல்ஷிஃபாவிடம் நீட்டினார். "சுண்டலும்மா. சாப்புடு. காலையிலேர்ந்து நிக்கிற போலருக்கு."

ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. செல்லக்கிளி சோறு வடித்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அல்ஷிஃபா லுஹர் தொழ உள்ளறையில் இடம் கேட்டாள். தொழுதுவிட்டு வந்து போனை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா."

"என்ன?"

"அக்கா, ஓகே பண்ணிட்டாங்க!"

"எவ்வளவு?"

"பாதித் தள்ளுபடி அப்படியே இருக்கு. ஒன்பதாயிரத்து எண்ணூத்தி அறுபது!"

செல்லக்கிளி கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அல்ஷிஃபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நாற்பத்தாறு வயதில் குதிக்கிறோமே என்று பாதியில் தோன்றியது. இன்னும் இரண்டு முறை குதித்தாள்.

"கட்டிடலாமா?" அல்ஷிஃபா விரலை நீட்டினாள்.

"மணி ஒன்னு அம்பது" என்றார் தங்கையன். "ராகு காலம்."

"அண்ணே, கட்டுறதுக்குமா?"

"எட்டு வருஷமா ராகு காலத்துல அந்த வண்டிக்கு ஒரு காரியம் பண்ணதில்ல. ஒரு கீறல் விழுந்துருக்கா?"

அல்ஷிஃபா செல்லக்கிளியைப் பார்த்தாள். கட்டிவிடலாம் என்று கண்ணால் சொன்னாள். செல்லக்கிளி தலையசைத்து மறுத்தாள். அவர் வைத்த வேலியை எல்லாம் தாண்டியாயிற்று. இந்த ராகு காலத்தையும் பொறுத்துவிட்டால் அவர் சொல்ல எதுவும் இருக்காது. ராகு காலத்தில் கட்டினால்தான் சொல்ல ஒன்று கிடைக்கும். நாளை எங்காவது ஒரு சுவரில் உரசினால் அதைச் சொல்வார்.

"மூணு மணிக்கே கட்டலாம்" என்றாள்.

இரண்டு நாற்பதுக்குப் பிராங்க்ளின் வந்தார். பாலக்கரையில் பழைய கார் வாங்கி விற்கிறவர். நாற்பது வயது. சலவைச் சட்டை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"காருல திரும்பிப் போற நம்பிக்கையில பஸ்ல வந்தேன்ணே" என்று சிரித்தார். காரைப் பார்த்ததும் சிரிப்பு அகலமானது. "அடேயப்பா. கழுவி வேற வச்சுருக்கீங்க. எனக்காகவா?"

தங்கையன் உள்ளே கை காட்டினார்.

"உக்காருடா. இன்னும் இருவது நிமிஷம் இருக்கு" என்றார் தங்கையன்.

"எனக்கு ராகு காலமெல்லாம் கெடையாதுண்ணே. வாங்குறவங்க பாப்பாங்க, அதனால நானும் பாக்குறேன்."

நான்கு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். பிராங்க்ளின் சட்டைப் பையில் அட்வான்ஸ் கவர். அல்ஷிஃபா கையில் செல்லக்கிளியின் போன். நால்வருக்கும் எதிரே சுவர்க் கடிகாரம். செல்லக்கிளி காபி கொண்டு வந்தாள். பிராங்க்ளின் பேசிப் பார்த்தார். மழை, மார்க்கெட், பாலத்து நெரிசல். எதற்கும் பேச்சு நீளவில்லை.

"என்னண்ணே, யாருக்கும் ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லடா. மணி பாக்குறோம்."

இரண்டு ஐம்பத்தெட்டு. பிராங்க்ளின் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அல்ஷிஃபா கார்டு நம்பரை அடித்து முடித்தாள். செல்லக்கிளியின் தையல் காசு இருக்கும் கணக்கு.

மூன்று.

பிராங்க்ளின் எழுந்து கவரை நீட்டினார். அதே நேரம் செல்லக்கிளி போனில் விரலை அழுத்தினாள். தங்கையனின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பேங்கில் கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்தது தங்கையனின் நம்பர். ஓடிபி அவருக்குத்தான் போகும்.

"அண்ணே, அந்த நம்பரச் சொல்லுங்க. மூணு நிமிஷந்தான் இருக்கும்" என்றாள் அல்ஷிஃபா.

தங்கையன் போனை எடுத்தார். தூரமாகப் பிடித்தார். பக்கத்தில் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். மூக்குக் கண்ணாடி உள்ளே எங்கோ இருந்தது. செல்லக்கிளி எழவில்லை. எழுந்து வாங்கிப் படித்துவிடலாம். ஆனால் அவராகக் கொடுக்க வேண்டும். கால் விரல்கள் தரையை அழுத்தின.

பிராங்க்ளின் இன்னும் கவரை நீட்டியபடி நின்றார்.

தங்கையன் கவரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போனைப் பிராங்க்ளின் கையில் வைத்தார்.

"படிடா."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டுருக்குண்ணே."

"சத்தமாப் படி."

"நாலு, ஏழு" என்றார் பிராங்க்ளின். "ஏழு, ஒன்னு." நிறுத்தினார். நிமிர்ந்தார். "எதுக்குண்ணே இது?"

"வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுறா."

"எந்த வண்டிக்கு?"

"வெளிய நிக்கிறதுக்கு."

பிராங்க்ளின் செல்லக்கிளியைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். தன் கவரைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள் அல்ஷிஃபா. குரல் கீச்சென்று வந்தது.

"என் வாயாலயே படிக்க வைக்கிறீங்களேண்ணே" என்றார் பிராங்க்ளின். "மூணு. அஞ்சு."

வட்டம் சுற்றியது. நின்றது. டிக் விழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அல்ஷிஃபா எழுந்து நின்றுவிட்டாள். "போட்டாச்சு! இந்த நிமிஷத்துலேர்ந்து செல்லும்! ரோட்டுல எறக்கலாம்க்கா!"

செல்லக்கிளி ஆணியில் இருந்து சாவியை எடுத்தாள். தங்கையன் பிராங்க்ளினின் தோளில் கை போட்டார்.

"கோவிச்சுக்காதடா. வாக்குக் குடுத்துட்டேன். பத்துக்குள்ள வந்துருச்சு."

"கோவமெல்லாம் இல்லண்ணே. இப்ப நான் எப்படிப் போறது?"

"நான் கொண்டு வந்து வுடுறேன்" என்றாள் செல்லக்கிளி. "பாலக்கரை வரைக்கும்."

பிராங்க்ளின் தங்கையனைப் பார்த்தார். "அண்ணி ஓட்டுவாங்களா?"

"லைசன்ஸ் இருக்கு" என்றார் தங்கையன். உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முன் சீட்டில், இடப்பக்கம் உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் அந்தப் பக்கக் கதவை அவர் திறந்ததில்லை. பெல்ட் எங்கே இருக்கிறது என்று தடவினார். செல்லக்கிளி எடுத்துக் கொடுத்தாள்.

வள்ளிக்கண்ணு மாடியில் இருந்து கை தட்டினாள். அல்ஷிஃபா ஸ்கூட்டியில் முன்னால் போனாள். கேட்டைத் தாண்டும்போது ஒரு முறை எஞ்சின் அணைந்தது. மறுபடி போட்டாள். தெரு முனை, அம்மா மண்டபம் ரோடு, மாம்பழச்சாலை சிக்னல். சிக்னலில் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து முட்டுவது போல நின்று ஹாரன் அடித்தது. பிராங்க்ளின் பின் சீட்டில் இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்தார்.

"பஸ்ஸே தேவலாம் போலருக்கு" என்றார்.

பச்சை விழுந்தது. கார் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் காவேரி கரை தட்ட ஓடியது. செல்லக்கிளி இந்தப் பாலத்தை ஆயிரம் முறை கடந்திருப்பாள். ஓட்டுகிற இடத்தில் இருந்து பார்த்ததில்லை. காற்று முகத்தில் அடித்தது. பாட வேண்டும் போல இருந்தது. வலப்பக்கம் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. ஸ்டியரிங்கை வளையாமல் பிடித்தாள்.

தங்கையன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணாவது கியர் போடு."

"போட்டாச்சு" என்றாள்.